நாளை ரிசல்ட்

அன்பு மாணவர்களே, சொந்தங்களே,

நாளை பிளஸ் டூ ரிசல்ட். உங்களில் பலர் இன்று அப்பா அம்மா ஆகிவிட்டீர்கள். அதனால் என் தவறு ஒன்றைச் சொல்கிறேன்.

அந்தக் காலத்தில் விடைத்தாளை மார்க் வரிசைப்படி, பெயரை உரக்க வாசித்துத்தான் கொடுப்பேன். கடைசித் தாள் யாருடையது என்று வகுப்புக்கே தெரியும். ஒருநாள் அதை வாங்கிய பையன் வீட்டுக்குப் போகவில்லை. அவன் அப்பாவும் நானும் மயிலாப்பூர் முழுக்கத் தேடினோம். இரவு ஒன்பது மணிக்கு, கபாலி கோயில் குளக்கரையில் புத்தகப்பையோடு உட்கார்ந்திருந்தான்.

அப்பா மார்க்கைக் கேட்கவில்லை. "சாப்டியாடா?" என்றார். அப்போதுதான் பையன் அழுதான். மறுநாளிலிருந்து தாள்களை மடித்தே கொடுத்தேன்.

2017 முதல் நம் அரசும் மாநில ரேங்க் அறிவிப்பதில்லை. தவறினாலும் துணைத்தேர்வு இருக்கிறது. ஒரு வருஷம் வீணாகாது. இதைப் பிள்ளையிடம் இன்றே சொல்லிவிடுங்கள்.

நாளை முதலில் சாப்பாடு போடுங்கள். சித்தப்பா, அத்தை, மாமா எல்லாரும் போன் போட்டு "எவ்வளவு?" என்று கேட்காதீர்கள். பிள்ளை பேசாமல், தூங்காமல் இருந்தால் தனியே விடாதீர்கள். உங்களால் சமாளிக்க முடியவில்லை என்றால் 104 அல்லது 14416க்குக் கூப்பிடுங்கள். 1986 முதல் சென்னையில் 'சினேகா' தொண்டர்களும் இப்படித் தவிப்பவர்கள் பேசுவதைக் காதுகொடுத்துக் கேட்டு வருகிறார்கள்.

அந்தப் பையன் இதைப் படிக்கக்கூடும். அன்று உன்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லைப்பா. இன்று கேட்கிறேன்.

– உங்கள் கணக்கு வாத்தியார்