மூச்சு விடுங்கப்பா

எலிக்குஞ்சின் மூளைத்தண்டிலிருந்து அரை மில்லிமீட்டர் தடிமனில் ஒரு சீவலை வெட்டி, ஆக்சிஜன் ஊட்டிய உப்புக்கரைசலில் இட்டால், அது மூச்சு விடும். நுரையீரல் இல்லை, மார்பு இல்லை, எலியே இல்லை. ஆயினும் சில நொடிகளுக்கு ஒருமுறை நரம்பணுக்கள் ஒன்றுகூடித் துடிக்கும். முன்-பெட்சிங்கர் தொகுதி என்று 1991இல் ஆய்வுலகம் அறிந்துகொண்ட அந்தச் சிறு கூட்டமே மூச்சின் தாளத்தை எழுப்புகிறது. என் முனைவர் பட்ட ஆய்வு அதைப் பற்றியது. கரைசலில் ஓபியாய்டைச் சேர்த்ததும் துடிப்புகளுக்கிடையே இடைவெளி நீளும். அதைத் திரையில் கண்டு பலமுறை மகிழ்ந்திருக்கிறேன். சோதனை சரியாக நடக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம்.

சென்ற ஆண்டு அப்பாவுக்கு முதுகுத்தண்டில் அறுவைச் சிகிச்சை. நான் படிக்கும் வடநாட்டு நகரத்திலேயே நடந்தது. மயக்கத்தின்போது ஃபெண்டனைல், பின்னர் வலிக்கு மார்பின். மார்பினைவிட ஏறத்தாழ 100 மடங்கு வீரியமுள்ளது ஃபெண்டனைல். அறுவை மேசையில் அது மூச்சை அடக்கினாலும் கவலையில்லை. வென்டிலேட்டர் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும். இயந்திரத்தை எடுத்த பிறகுதான் இடர்.

இரவு பதினொரு மணி. மூக்கில் ஆக்சிஜன் குழாய், விரலில் ஆக்சிமீட்டர். எண் 97. "நன்றாகத் தூங்குகிறார்" என்று பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி இந்தியில் சொன்னார். மெல்லிய குறட்டை. எனக்கும் நிம்மதியாகவே இருந்தது. பிறகு, வெறும் பழக்கத்தால், எண்ணத் தொடங்கினேன். ஒரு நிமிடத்தில் ஆறு.

இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறும்போது மூச்சு விரைவதே உடலின் இயல்பு. ஓபியாய்டு அந்த எச்சரிக்கையை மழுங்கச் செய்துவிடும். நாம் கூடுதலாக ஆக்சிஜன் கொடுப்பதால், மூச்சு குறைந்த பின்னும் ஆக்சிமீட்டரின் எண் நெடுநேரம் இறங்காது. கார்பன் டை ஆக்சைடோ சேர்ந்துகொண்டே போகும்; அதை அந்தக் கருவி அளப்பதில்லை. கேப்னோகிராஃப் அளக்கும். அது அறுவை அரங்கில் இருந்தது, வார்டில் இல்லை.

செவிலியரை அழைத்தேன். அவர் ஓடி வந்து பார்த்துவிட்டு மருத்துவருக்கு ஃபோன் செய்யப் போனார். நான் அப்பாவின் தோளைத் தட்டி, "அப்பா, மூச்சு விடுங்க" என்றேன். கண் திறக்காமலே ஆழமாக இழுத்தார். பிறகு ஒன்றுமில்லை. மறுபடி சொன்னேன். மறுபடி இழுத்தார். ஓபியாய்டு தாக்கத்தில் இருப்பவர்களிடம் இது காணப்படுவதுதான்: முகுளம் மறந்துவிட்டதைச் சொல்கேட்டுச் செய்யப் பெருமூளையால் முடியும். பாடநூலில் ஒரு வரி. அன்றைக்கு நான் அப்பாவின் முகுளமாக இருந்தேன். "மூச்சு விடுங்கப்பா." எத்தனை முறை சொன்னேனோ தெரியவில்லை.

மயக்கவியல் மருத்துவர் வந்தார். 400 மைக்ரோகிராம் நலாக்சோனைப் 10 மில்லிலிட்டராக நீர்க்கச் செய்து, ஒவ்வொரு மில்லிலிட்டராக ஏற்றினார். மொத்தமாகச் செலுத்தியிருந்தால் வலி முழுவதும் ஒரே நொடியில் திரும்பியிருக்கும். மூன்றாம் மில்லிலிட்டரில் அப்பா முனகினார். வாழ்க்கையில் ஒரு முனகலுக்காக நான் அவ்வளவு மகிழ்ந்ததில்லை.

நலாக்சோனும் தீபைன் என்ற அபினிப் பொருளிலிருந்து செய்யப்படுவதுதான். அபினியைப் பக்குவப்படுத்தும் அரசு ஆலைகள் காஜிபூரிலும் நீமச்சிலும் இருக்கின்றன. இவ்வளவு அபினி விளையும் நாட்டில் புற்றுநோயாளிகள் பலர் மார்பின் கிடைக்காமல் துடிக்கிறார்கள். 2014இல் போதைப்பொருள் சட்டத்தைத் திருத்திய பிறகும் நிலைமை மெதுவாகவே மாறுகிறது. ஆகவே இதைப் படித்து யாரும் மார்பினை மறுத்துவிட வேண்டாம். வலியும் கொல்லும். பக்கத்தில் இருப்பவர், எண்ணைப் பார்ப்பதோடு மார்பையும் பார்க்கட்டும். ஒரு முழு நிமிடம் எண்ணட்டும்.

நலாக்சோனின் வேலை ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் தேய்ந்துவிடும். மார்பின் அதற்குப் பின்னும் இருக்கும். அதனால் மருத்துவர் அங்கேயே நின்றார், நானும் உட்கார்ந்து மருந்துச்சீட்டின் பின்புறத்தில் எண்களைக் குறித்தேன். ஒன்பது, பத்து, எட்டு, பதினொன்று. விடியும் நேரத்தில் அப்பா கண் திறந்து, "ராத்திரி முழுக்க ஏன்டா தொணதொணன்னு பேசிக்கிட்டே இருந்தே?" என்றார். அந்த நிமிடத்துக்குப் பதினான்கு.