தொப்பிக்காரர்கள்

போன வாரம் மகன் டிவியில் ஒரு ஆங்கிலப் படத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டு வெளியே போனான். 2011-ல் வந்த 'தி அட்ஜஸ்ட்மென்ட் பீரோ'. மேட் டேமன், எமிலி பிளண்ட் நடித்தது. அறிவியல் கதை என்றான். எனக்கென்னவோ காதல் கதையாகத்தான் தெரிந்தது.

அவன் நியூயார்க் அரசியல்வாதி. அவள் நடனக்காரி. ஒரு முறை சந்தித்தவர்கள் மறுபடி சந்திக்கக் கூடாது என்பது மேலிடத்துத் திட்டம். அதைக் கவனிக்கத் தொப்பி போட்ட அதிகாரிகள். காலை 7.05-க்குள் அவன் சட்டையில் காப்பி கொட்ட வேண்டும், பஸ் தவற வேண்டும். அந்த வேலைக்கு வந்தவர் பார்க் பெஞ்சில் தூங்கிவிடுகிறார்! அவன் பஸ் ஏறிவிடுகிறான். உள்ளே அவள்.

மூலம், பிலிப் கே. டிக் எழுதி 1954-ல் வெளியான 'அட்ஜஸ்ட்மென்ட் டீம்' என்ற சிறுகதை. பிறகு தேடிப் படித்தேன். அதில் இந்தக் காதலே கிடையாது. அங்கே ஒரு நாய் தாமதமாகக் குரைக்கிறது. கதாநாயகன் ஆபீசுக்குத் தாமதமாகப் போய், பார்க்கக் கூடாததைப் பார்த்துவிடுகிறான். மனைவியிடம் உண்மையைச் சொல்லக் கூடாது என்று நிபந்தனை போட்டு அனுப்புகிறார்கள்.

படத்தில் ஒரு கட்டம். "உன்னோடு இருந்தால் அவள் பெரிய கலைஞராக மாட்டாள், சின்னப் பிள்ளைகளுக்கு ஆடக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருப்பாள்" என்கிறார் தொப்பிக்காரர். கால் சுளுக்கி ஆஸ்பத்திரியில் கிடப்பவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அவன் போய்விடுகிறான். எவ்வளவு பெரிய தியாகம் என்று எனக்குத் தொண்டை அடைத்தது.

பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் மனைவி, "அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டானா?" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. 1984-ல் நாங்கள் கும்பகோணத்தில் இருந்தோம். அவள் ஒரு பள்ளியில் தற்காலிகத் தையல் டீச்சர். ஜூனில் நிரந்தரமாகும் என்றிருந்தார்கள். எனக்குப் பதவி உயர்வோடு நாக்பூருக்கு மாற்றல் வந்தது. ஆபீசிலேயே சம்மதக் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஜாங்கிரி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. மறுவாரம் தையல் மிஷினைப் பழைய போர்வையில் சுற்றிக் கட்டினாள். அப்புறம் வேலைக்கே போகவில்லை. குடும்ப நன்மைக்குத்தான் செய்தேன் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். தொப்பிக்காரர்களும் அதையேதான் சொல்கிறார்கள்.

ரிமோட்டில் படத்தை நிறுத்திவிட்டுக் கேட்டேன். "அன்னிக்கு நான் கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பே?"

"வரேன்னுதாங்க சொல்லியிருப்பேன்."

கொஞ்சம் கழித்து, "ஆனா அதை நான் சொல்லியிருப்பேன் இல்ல?" என்றாள்.

பதில் சொல்லத் தெரியவில்லை. "மீதியைப் பாக்கலாமா?" என்றேன்.

"போடுங்க. அவகிட்ட எப்பத்தான் சொல்றான்னு பாப்போம்."

கடைசியில் அவன் எல்லாவற்றையும் அவளிடம் சொல்லிவிடுகிறான். கூட வருகிறாயா என்று கேட்கிறான். அவளே முடிவு செய்து அவனோடு ஓடுகிறாள். என் மனைவி ஆய்ந்த கீரையை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.