காய்ந்த வட்டையும் முதல் மழையும்

அம்பாறைக் கரையோரத்து வயல் மண் ஆண்டுக்கு இரண்டு தடவை காய்ந்து இரண்டு தடவை நனைகிறது. பெரும்போக வெட்டு முடியும் மாசி, பங்குனியில் வருவது சிறிய காய்ச்சல். சிறுபோகம் முடிந்து மாரி மழை வரும்வரை நீள்வதுதான் பெரியது. கச்சான் வீசும் அந்த நாட்களில் ஒலுவில், பாலமுனை, நிந்தவூர் வட்டைகளின் களிக் கண்டங்கள் விரல் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். மாடுகள் தாளை மேய்ந்துவிட்டுப் போகும். வாய்க்கால் திருத்துவதையும் விதைநெல் தேடுவதையும் தவிர வேளாண்மைக்காரருக்கு வயலில் வேலை இல்லாத காலம் அது. மண்ணுக்கு அப்படியல்ல.

மண் காயும்போது முதலில் பெரிய துளைகளில் உள்ள நீர் போகிறது. பிறகு மணிகளைச் சுற்றியிருக்கும் மெல்லிய நீர்ப்படலமும் அறுபடுகிறது. பற்றீரியாவுக்கு அந்தப் படலமே பாதை. அது அறுந்தால், அரை மில்லிமீற்றர் தள்ளி இருக்கும் உணவும் எட்டாது. எஞ்சிய நீரில் உப்பின் செறிவு ஏறி, கலத்துக்குள் உள்ள நீரையும் வெளியே இழுக்கப் பார்க்கும். அதைத் தாக்குப்பிடிக்கப் பல நுண்ணங்கிகள் புரோலின், திரெகலோசு போன்ற கரையும் பொருட்களைக் கலத்துக்குள் சேர்த்துக்கொள்கின்றன. தடித்த சுவருள்ள பற்றீரியாக்களும் வித்தி உண்டாக்குபவையும் இதில் கெட்டிக்காரர்கள். பங்கசுகள் தம் இழைகளால் வெறும் காற்று இடைவெளிகளையும் தாண்டும். மெல்லிய சுவருள்ளவற்றில் ஒரு பகுதி செத்துப்போகிறது. அதைத் தின்னவும் ஈரம் வேண்டும் என்பதால், செத்ததும் அப்படியே கிடக்கும். வயல் நத்தை ஓட்டின் வாயை மூடிக்கொண்டு களிக்குள் உறங்குவதும், கோரைக்கிழங்கு காத்துக்கிடப்பதும் இதே காலத்தில்தான்.

முதல் மழை விழுந்தவுடன் நடப்பதை ஒரு தம்ளரில் பார்க்கலாம். வெடித்த கண்டத்திலிருந்து நன்கு காய்ந்த சிறு கட்டி ஒன்றை எடுத்துத் தண்ணீரில் மெதுவாக விட வேண்டும். துளைகளில் அடைபட்ட காற்று குமிழ்களாக வெளியேறும், ஓரங்கள் உதிரும், சில நிமிடங்களில் கட்டி கூம்பாகச் சரிந்து அடியில் படிந்துவிடும். அதே வயலின் இன்னொரு கட்டியை ஈரச் சாக்கின் மேல் வைத்து ஊறவிட்ட பிறகு போட்டால் அவ்வளவு சீக்கிரம் உடையாது. மண்ணை உடைப்பது வெறும் நீரல்ல. காய்ந்த மண்ணுக்குள் நீர் பாயும் வேகம். கட்டி உடையும்போது, அதன் உள்ளே நுண்ணங்கிகளுக்கு எட்டாமல் பூட்டிக்கிடந்த சேதனப் பொருள் வெளியே வருகிறது. கூடவே, செத்துக்கிடந்தவையும் கரைகின்றன. பிழைத்தவற்றுக்கும் திடீர் நன்னீர் ஓர் அதிர்ச்சிதான்: உள்ளே சேர்த்து வைத்ததை அவசரமாக வெளியே விடாவிட்டால் கலம் வெடித்துவிடும். இந்த மூன்றும் ஒரே நேரத்தில் விருந்தாகிவிட, மண் மூச்சு வாங்கத் தொடங்குகிறது. காபனீரொட்சைட்டு வெளியேறும் வேகம் சில மணித்தியாலங்களில் பல மடங்கு ஏறி, சில நாட்களில் தணிந்துவிடும்.

கென்யாவில் பணியாற்றிய எச். எப். பேர்ச் 1958இலும் அடுத்துவந்த ஆண்டுகளிலும் இதை முறையாக அளந்து எழுதினார். மண்ணியலில் இது அவர் பெயராலேயே வழங்குகிறது. மண் எவ்வளவு கடுமையாக, எவ்வளவு நாள் காய்ந்ததோ அதற்கேற்ப இந்த எழுச்சி பெரிதாகும் என்பதும், திரும்பத் திரும்பக் காய்ந்து நனைந்தாலும் அது மறுபடி மறுபடி வரும் என்பதும் அவர் கண்டவை. நெல் மண்ணில் இதே விளைவை ஜப்பானிய ஆய்வாளர்கள் அதற்கும் முன்பே கவனித்திருந்தார்கள். காயவிட்டுத் தண்ணீர் கட்டிய வயலில் கூடுதல் அமோனியம் கிடைக்கிறது என்பது அவர்கள் கணக்கு. மழை மணத்திலும் மண்ணின் நுண்ணங்கிகளுக்கு ஒரு பங்கு உண்டு. அதில் முக்கியமான ஜியோஸ்மின் என்ற பொருளைச் செய்வன ஸ்ட்ரெப்டோமைசிஸ் வகைப் பற்றீரியாக்கள். அவுஸ்திரேலிய ஆய்வாளர்களான பெயாரும் தோமசும் 1964இல் இந்த மணத்தைப் பற்றி எழுதுவதற்கு வெகுகாலம் முன்னரே, இந்தியாவின் கன்னோசி நகரில் சுட்ட மண்ணிலிருந்து அத்தர் வடித்துக்கொண்டிருந்தார்கள்.

வயல்காரருக்கு வேண்டியது மணமல்ல, நைதரசன். நனைந்த முதல் நாட்களில் விடுபடுவது அமோனியம். மண்ணில் காற்றும் ஈரமும் சேர்ந்திருந்தால் வேறு பற்றீரியாக்கள் அதை ஒன்றிரண்டு கிழமைகளில் நைத்திரேற்றாக மாற்றிவிடும். நைத்திரேற்றை மண் பிடித்து வைக்காது. அதை உறிஞ்ச வேர் இருந்தால் பயிருக்கு. இல்லாவிட்டால் அடுத்த பெருமழையில் கீழே இறங்கும், அல்லது தண்ணீர் நிலையாக நின்றதும் வாயுவாகிப் போய்விடும். ஐப்பசியில் ஒரு மழை, பத்து நாள் வெயில், மறுபடி ஒரு மழை என்று விட்டுவிட்டுப் பெய்யும் ஆண்டுகளில் இந்த இழப்பு ஒவ்வொரு தடவையும் நடக்கிறது. கார்த்திகையில் வெள்ளம் நிற்கும்போது மண் தன் கையிருப்பில் நல்லதொரு பங்கைச் செலவழித்திருக்கும். தண்ணீர் நிலைக்கும் முன் ஈர மண்ணில் எறிந்த யூரியாவுக்கும் இதே கதிதான்.

மானாவாரிக் கண்டங்களில் புழுதி விதைப்பு நிலைத்ததற்கு இது ஒரு காரணமாக இருக்க வேண்டும். முதல் மழையோடு முளைக்கும் நெல்லின் வேர் அந்த நைத்திரேற்றை எட்டிப் பிடிக்கிறது. சேற்று விதைப்புக்குக் காத்திருக்கும் வயலில் பிடிக்க ஆளில்லை. ஆனால் அதே பசளையில்தான் நெற்சப்பியும் கோரையும் களை நெல்லும் எழும்புகின்றன. தண்ணீரால் அமுக்க முடியாத அந்த முதல் மாதம் களைக்கே சாதகம். களை குறைந்த, மட்டப்படுத்திய கண்டத்துக்குப் புழுதி விதைப்பு நல்லது; களை நெல் ஏறிய கண்டத்தில் செய்வது வீண் சூதாட்டம்.

தண்ணீர் கட்டியதும் கதை மாறுகிறது. ஒரு நாளளவில் சேற்றின் ஒட்சிசன் தீர்ந்துவிடும். அதன் பிறகு நுண்ணங்கிகள் மூச்சுக்கு முதலில் நைத்திரேற்றையும், அடுத்து மங்கனீசையும் இரும்பையும், பிறகு சல்பேற்றையும் பயன்படுத்துகின்றன. எல்லாம் முடிந்த இடத்தில் மெதேன் பிறக்கிறது. சேற்றைக் கத்தியால் வெட்டிப் பார்த்தால் மேலே சில மில்லிமீற்றர் தடிப்பில் செம்பழுப்புத் தோல், அதன் கீழ் நீலச்சாம்பல் நிறம், வேர் போன வழியெல்லாம் துருக்கோடு. இரும்பு கரையும்போது அதனோடு பிணைந்திருந்த பொசுபரசும் விடுபடுவது நெல்லுக்கு வாய்ப்பு. மண் திரும்பக் காய்ந்தால் புதிதாகப் படியும் இரும்பு அந்தப் பொசுபரசை முன்னிலும் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். நெல் வெட்டிய கையோடு கௌப்பியோ பயறோ போட்டவர்கள், நெல் செழித்த கண்டத்தில் அது ஏன் சோம்பி நிற்கிறது என்று கேட்பதுண்டு. விடை பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது.

வைக்கோலின் கணக்கும் காய்ச்சலோடு சேர்ந்தது. சேறடிக்கும் கிழமையில் பச்சையாகப் புதைத்த வைக்கோல் இளம்பயிரின் நைதரசனைப் பிடுங்கும், மெதேனையும் பெருக்கும். வேளாண்மைக்கு 30 நாட்களுக்கு மேல் முன்னதாகவே மண்ணில் சேர்த்துவிட்டால் மெதேனுக்கான அதன் பங்கு மூன்றிலொன்றுக்கும் கீழே போகும் என்பது காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையிலான குழுவின் கணிப்பு முறை. வெட்டு முடிந்த ஈரத்திலேயே மேலோட்டமாக ஓர் உழவு போட்டால் இது கைகூடும். வெடிப்புகளும் உடைபட்டு, அடுத்த போகத்தின் முதல் தண்ணீர் பிளவு வழியே இறங்கி வீணாவதும் குறையும். 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைப்பட்டு, அடுத்த பெரும்போக விளைச்சல் நாடெங்கும் விழுந்த பிறகும் வட்டைகளில் வைக்கோல் எரிவது நிற்கவில்லை. எரியும் புகையில் வைக்கோலின் நைதரசனில் பெரும்பகுதியும் கந்தகத்தில் ஒரு பங்கும் போய்விடும்.

காய்ச்சலை வேண்டுமென்றே போகத்துக்குள் கொண்டுவருவதும் உண்டு. காய்ச்சலும் பாய்ச்சலும் தமிழ் உழவருக்குப் பழைய பழக்கம். சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் அதற்கு ஓர் அளவுகோல் கொடுத்தது. பக்கத்தில் துளையிட்ட பி.வி.சி. குழாயை வயலில் இறக்கி, உள்ளே நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 சென்ரிமீற்றர் போகும்வரை விட்டு, பிறகு 5 சென்ரிமீற்றர் உயரத்துக்குப் பாய்ச்ச வேண்டும். பூக்கும் தறுவாயில் மட்டும் முன்பின்னாக ஒவ்வொரு கிழமை நீர் நிற்கட்டும். இப்படிச் செய்தால் நீர் 30 சதவீதம் வரை மிஞ்சும், மெதேன் ஏறத்தாழப் பாதியாகும். நைத்திரசு ஒட்சைட்டு சற்றுக் கூடும்.

கல்லோயா நீர்ப்பாசனத் திட்டத்துக்கு இதில் ஒரு தொடர்பு இருக்கிறது. 1980களின் தொடக்கத்தில் அதன் இடதுகரையில் விவசாயிகள் அமைப்புகளைக் கட்டியெழுப்பிய திட்டத்தில் இருந்தவர் கோர்ணெல் பல்கலைக்கழகத்தின் நோர்மன் அப்ஹொப். மடகஸ்காரில் பாதிரியார் லோலானியே உருவாக்கிய ஒற்றை நாற்று முறையைப் பின்னாளில் உலகெங்கும் பரப்பியவரும் அவரே. வயலில் எப்போதும் தண்ணீர் நிற்கத் தேவையில்லை என்பது அந்த முறையின் அடிப்படைகளில் ஒன்று. கல்லோயாவின் நீர்த்தேக்கமான சேனநாயக்க சமுத்திரத்தின் நீர் கடைசியாக வந்துசேரும் கடைமடையில், முறைத் தண்ணீர் எந்த நாள் வரும் என்ற உறுதி இருந்தால்தான் ஒருவர் துணிந்து வயலைக் காயவிடுவார். ஆகவே காய்ச்சலும் பாய்ச்சலும் குழாயில் தொடங்குவதில்லை. வட்டை விதானையும் விவசாயிகளும் கூடி முறை வைக்கும் போக ஆரம்பக் கூட்டத்தில் தொடங்குகிறது.

களப்பையும் களியோடை ஆற்றையும் ஒட்டிய தாழ்ந்த கண்டங்களுக்கு மாத்திரம் வயலைக் காயவிடச் சொல்ல முடியாது. அங்கே மண் காயக் காய, அடியிலுள்ள உவர் நீர் மேலே ஏறி உப்பை மேற்பரப்பில் விட்டுச் செல்கிறது. மாரியின் முதல் தண்ணீரை அங்கே கட்டி வைக்காமல், உப்பைக் கழுவ வடிச்சலில் விட்டுவிட வேண்டும்; போகம் முழுக்க நீர் நிற்க வேண்டும். வரம்பில் உப்பு வெள்ளையாகப் பூக்கும் கண்டத்தில் நடுப்போகக் காய்ச்சல் கூடாது.