கடன் கொப்பியில் ஒரு பெயர்



பாவா ஆதம் மலையின் அடிவாரத்திலுள்ள நல்லதண்ணியில் என் வாப்பாவுக்கு ஒரு சில்லறைக் கடை இருந்தது. லயங்களில் வாழ்ந்த தோட்டத்து மக்கள் அரிசியும் மாவும் கடனுக்கு வாங்கி, சம்பள நாளில் கொடுப்பார்கள். வாப்பா மௌத்தான பின் அந்தக் கடன் கொப்பி என் கைக்கு வந்தது. புரட்டினால், பெயர் பெயராக அடித்துவிட்டு ஓரத்தில் 'இந்தியா' என்று எழுதியிருக்கிறார்.

1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்ட மக்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபரில் சிறிமாவோ அம்மையாரும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தார்கள். 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு. 3 இலட்சம் பேர் இலங்கைக்கு. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டன. ஒரே குடும்பத்தில் அண்ணனுக்கு இந்தியா, தம்பிக்கு இலங்கை என்றானது. கோச்சியில் தலைமன்னார் போய், அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம். லயங்கள் வெறிச்சோடின.

அடிக்கப்பட்ட பெயர்களில் ஒன்று, கொழுந்து பறித்த ஓர் அக்காவுடையது. கைக்குழந்தையாக இருந்த என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிவாராம். 1980களின் தொடக்கத்தில், புறப்படுவதற்கு முதல்நாள் கடைக்கு வந்து, "கடனோட கடல் தாண்டக் கூடாது முதலாளி" என்று 38 ரூபாயை எண்ணி வைத்தார். காதில் கிடந்த தோடு அன்று இல்லை. வாப்பா பணத்தை வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டார். போகும்போது அந்த அக்கா தன் அம்மிக் கல்லை உம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

"அந்தக் காசை வாங்கியிருக்கக் கூடாது" என்று உம்மா கடைசிவரை சொல்வார். வாப்பா பதில் பேசமாட்டார்.

1984இல் யுத்தத்தால் கப்பல் நின்றது. போகாமல் எஞ்சியவர்களுக்கு 2003ஆம் ஆண்டின் சட்டம் இலங்கைக் குடியுரிமை தந்தது. போனவர்களில் பலர் நீலகிரியில் மீண்டும் தேயிலைத் தோட்டங்களிலேயே வேலைக்குச் சேர்ந்தார்கள். அந்த அக்கா எங்கே போனாரென்று எங்களுக்குத் தெரியாது.

கஷ்டத்திலிருக்கும் கடனாளிக்கு அவகாசம் கொடுங்கள், விட்டுக்கொடுப்பது இன்னும் நல்லது என்னும் சூரத்துல் பகராவின் 280ஆவது வசனத்தை மாணவர்களுக்கு ஓதிக்கொடுக்கும் போதெல்லாம் அந்த 38 ரூபாய் என் நினைவுக்கு வருகிறது. கணக்குப்படி அவர் கடனைத் தீர்த்துவிட்டார். எங்கள் கடன்தான் தீரவில்லை.

அந்த அம்மியில்தான் என் மனைவி இன்றும் சம்பல் அரைக்கிறார். சகோதரிகளே, உங்கள் வீட்டு மூத்தவர்கள் உயிரோடிருக்கும்போதே, பக்கத்து லயத்தில் யார் யார் இருந்தார்கள் என்று கேட்டு வையுங்கள். அவர்கள் பெயரையாவது நாம் மறவாதிருப்போம்.