பச்சை பூத்த ஒயர்

கறிக்கோழி லோடு அடிக்கிற பல்லடத்துக்காரங்களுக்கு இந்தத் தொல்லை தெரியும். வண்டியைத் தினமும் தண்ணி பீய்ச்சிக் கழுவணும். கோழி எச்சம் கலந்த ஈரம் ஒயர் வரைக்கும் போயிரும்.

போன வாரம் ராத்திரி, காரணம்பேட்டை தாண்டினதும் ஹெட்லைட் மங்கிருச்சு. பல்பைத்தான் சந்தேகப்பட்டேன். காலையில எர்த் ஒயர் ஜாயிண்டைப் பிரிச்சா, டேப்போட பசை கையில ஒட்டுது. உள்ள செம்பு பச்சை பூத்துக் கிடக்குது. முறுக்கி டேப் சுத்துனது நானேதான், யாரைத் திட்டுறது?

எலக்ட்ரீசியன் அண்ணன் லைட்டை எரியவிட்டு மீட்டரை வெச்சார். பேட்டரியில 12.4 வோல்ட், பல்பு சாக்கெட்ல 10.6. "ஏனுங் தம்பி, மிச்சத்தை ஜாயிண்டே தின்னுருது பாருங்க." 55 வாட் பல்பு ரெண்டும் சேர்ந்து 9 ஆம்பியர் இழுக்கும். அதுக்கு 0.2 ஓம் தடை இருந்தாலே 1.8 வோல்ட் போச்சு.

நீங்களே சரி பண்றதா இருந்தா, மீட்டர் விலை கம்மியானதே போதும்ங்க. ஒயர் நுனியில மாட்டுற லக்குல மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்: ஈயம் பூசின செம்பு லக், ஒயர் தடிமனுக்குப் பொருந்துற சைஸ். சாதா கட்டிங் பிளேயர்ல நசுக்காம ராட்செட் கிரிம்பிங் பிளேயர் வாங்குங்க. முழுசா அமுங்குற வரைக்கும் அது வாயைத் திறக்காது. மேல, உள்பக்கம் பசை இருக்கிற ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ். சூடு பண்ணினா ஓரத்துல பசை கசியணும், அப்பத்தான் தண்ணி ஏறாது. சால்டரிங் பண்ணலாமேன்னு அண்ணன்கிட்ட கேட்டேன். ஈயம் முடியுற இடத்துல ஒயர் விறைச்சு, அதிர்வுல ஒடியும்னார்.

அடுத்து டெயில் லைட். அங்கயும் என் டேப்புதான்.