கல்வராயன் மலையில் பள்ளிக்கூடம் திறக்கிறது

ஜூன் மாதம் பிறந்துவிட்டால் நம் வீடுகளில் ஒரே அமர்க்களம்தான். புதுப் புஸ்தகங்களுக்கு அட்டை போட வேண்டும், யூனிபாரத்துக்கு அளவு கொடுக்க வேண்டும், "அவனுக்கு மட்டும் புதுப் பை, எனக்குப் பழைய பையா?" என்று தங்கை தொடுக்கும் வழக்கை விசாரித்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டும். பள்ளி திறந்த அன்று குழந்தையை அனுப்பிவிட்டுத் திரும்பி வந்தால், வீடு வெறிச்சென்று இருக்கும். சாயங்காலம் நாலு மணி எப்போது அடிக்கும் என்று மனம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும். தாய்மார்களுக்கு இதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

இதே ஜூன் மாதத்தில், கல்வராயன் மலைமேல் இருக்கும் ஒரு தாய் தன் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு எப்படி அனுப்புகிறாள் என்று பார்த்துவிட்டு வரலாம், வாருங்கள். மலை ஒன்றும் வெகு தூரத்தில் இல்லை. சென்னையிலிருந்து வருகிறவர்கள் உளுந்தூர்ப்பேட்டையில் சேலம் சாலையில் திரும்பினால் கள்ளக்குறிச்சி வந்துவிடும். ரயிலில் வர ஆசைப்படுகிறவர்களுக்கு விருத்தாசலம் - சேலம் பாதையில் சின்னசேலம் ஸ்டேஷன் இருக்கிறது.

கள்ளக்குறிச்சி முன்பு விழுப்புரம் மாவட்டத்தோடு சேர்ந்திருந்த ஊர். 2019 நவம்பர் 26 முதல் தனி மாவட்டத்தின் தலைநகர் என்ற அந்தஸ்து அதற்குக் கிடைத்துவிட்டது. சுற்றிலும் நெல்லும் கரும்பும் செழித்த பூமி. இங்கே மரத்தில் சிற்பம் செதுக்குகிறவர்களின் கைத்திறன் பிரசித்தம். கள்ளக்குறிச்சி மரச் சிற்பத்துக்கு 2021-ல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. உளி பிடிக்கும் அந்தக் கைகளைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

கச்சிராயபாளையம் தாண்டினால் கோமுகி அணை. அதற்கு அப்பால் சாலை வளைந்து வளைந்து மேலே ஏறுகிறது. ஒரு பக்கம் காடு, ஒரு பக்கம் பள்ளம். கீழே விட்டு வந்த வயல்கள் பச்சைப் பாயை விரித்துப் போட்டது போலத் தெரிகின்றன. காதுக்குள் 'கும்' என்று அடைத்துக்கொள்ளும்போது, வெயிலின் கொடுமையும் குறைந்துவிடுகிறது. மேலே வெள்ளிமலை, கரியாலூர் என்று ஊர்கள். அருவி பார்க்கிறவர்களுக்கு மேகம் அருவி, பெரியார் அருவி என்று கண்ணுக்கு விருந்து உண்டு. கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த இந்தக் கல்வராயனில் சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் என்று இரண்டு பகுதிகள்; உயரம் சுமார் 2,000 அடியிலிருந்து 4,000 அடி வரை.

இங்கே வாழ்கிற பெருவாரியான மக்களுக்கு மலையாளி என்று பெயர். கேரளத்து மலையாளி என்று நினைத்துவிடாதீர்கள். பேசுவது சாட்சாத் தமிழ்தான். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்து மலையேறியவர்கள் என்று வழிவழியாகச் சொல்லிக்கொள்கிறார்கள். சாமை, தினை, கேழ்வரகு, மரவள்ளி, புளி, கடுக்காய், தேன் - இவைதாம் மலையின் செல்வம். வெகுகாலம் இந்த மலை மூன்று ஜாகீர்தார்களின் கையில் இருந்தது. 1976-ல்தான் அரசாங்கம் அதை ஏற்றுக்கொண்டது. நாடு சுதந்திரம் அடைந்து 29 வருஷங்கள் ஆன பிறகு! சாலையும் பள்ளியும் ஆஸ்பத்திரியும் இங்கே பிந்தி வந்ததற்கு இது ஒன்றே போதிய காரணம் அல்லவா?

இப்போது பள்ளிக்கூடத்துக்கு வருவோம்.

மலையில் வீடுகள் ஓரிடத்தில் பத்து, இன்னோரிடத்தில் இருபது என்று சிதறிக் கிடக்கின்றன. ஒவ்வொரு குக்கிராமத்திலும் எட்டாம் வகுப்பு வரை பள்ளி வைப்பது சாத்தியமில்லை. ஆகவே அரசாங்கம் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளை நடத்துகிறது. அங்கேயே சாப்பாடு, அங்கேயே படுக்கை, அங்கேயே படிப்பு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் நாலு மணி எப்போது அடிக்கும் என்று நாம் காத்திருக்கிறோமே, அந்த மலைத் தாயோ அடுத்த விடுமுறை எப்போது வரும் என்று காத்திருக்க வேண்டும்!

ஆறாவது, ஏழாவது, எட்டாவது என்ற நடுநிலை வகுப்புகள்தாம் மலையில் கண்டம். பதினொன்று, பன்னிரண்டு வயது ஆனால் பெண் குழந்தை தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளத் தோதாகிவிடுகிறாள். பையன் கூலிக்குப் போக வளர்ந்துவிடுகிறான். அப்பனும் அம்மாவும் வெளியூருக்குப் பிழைக்கப் போனால், குழந்தையையும் கூட்டிப் போவதா, பாட்டியிடம் விட்டுப் போவதா என்று கேள்வி வருகிறது. ஒரு வருஷம் பள்ளியை விட்ட பிள்ளை மறு வருஷம் திரும்பி வருவது அபூர்வம்.

படிப்பை விட்ட பிள்ளைக்கு என்ன வழி திறக்கிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். செம்மரம் வெட்ட ஆள் பிடிக்கிறவர்கள் ஜவ்வாது மலைக்கும் வந்தார்கள், கல்வராயனுக்கும் வந்தார்கள். 2015 ஏப்ரலில் ஆந்திரத்துச் சேஷாசலம் காட்டில் போலீஸ் சுட்டதில் 20 தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் மாண்டதை மறந்திருக்க மாட்டீர்கள். பிறகு 2024-ம் வருஷம் வந்தது. ஜூன் 10-ந் தேதி தமிழ்நாடெங்கும் பள்ளிகள் திறந்தன. அதற்கு எட்டாம் நாள், கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்தவர்கள் சுருண்டு விழ ஆரம்பித்தார்கள். 60-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். புதுப் புஸ்தகத்துக்கு அட்டை போட்ட கையோடு தகப்பனுக்குக் கொள்ளி வைத்த பிள்ளைகளும் அந்த ஊரில் இருந்தார்கள். சாராயத்தோடு சேர்த்து மலையின் பெயரும் ஊரெல்லாம் அடிபட்டது. அதன் பிறகு சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் வாழ்க்கை நிலையைத் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டு, சாலை எங்கே, வசதி எங்கே என்று கேள்வி கேட்டது.

சாலை வரும், கட்டடம் வரும். ஆனால் பிள்ளையைப் பள்ளியில் நிறுத்தி வைப்பது எது? என் அபிப்பிராயத்தில், பெற்றோரைப் பள்ளி எப்படி வரவேற்கிறது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

படிக்காத தாய் தகப்பன் பள்ளிக்கூடத்து வாசலில் எப்படி நிற்பார்கள்? செருப்பைக் கழற்றிவிட்டு, கதவோரத்தில், வாத்தியார் என்ன சொல்லப் போகிறாரோ என்று கையைக் கட்டிக்கொண்டு. தங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று அவர்களே முடிவு கட்டிவிடுகிறார்கள். அது பிள்ளைக்கும் தெரிகிறது. வீட்டில் கற்றதெல்லாம் படிப்பே அல்ல என்று அதுவும் நினைத்துவிடுகிறது.

வாஸ்தவத்தில் அந்த வீட்டில் எவ்வளவு படிப்பு இருக்கிறது, பாருங்கள்! ஒரு படிச் சாமையை எடுங்கள். அதை நிறுத்து, குத்தி, புடைத்து, மறுபடி நிறுத்தால் உமி எவ்வளவு, அரிசி எவ்வளவு என்ற சதவீதக் கணக்கு வந்துவிட்டது. நேராக நிற்கும் ஒரு டப்பாவை வெட்டவெளியில் வைத்து, அதில் சேரும் மழைத் தண்ணீரைத் தினமும் அடிக்கோலால் அளந்து எழுதினால் பூகோளம் வந்துவிட்டது. அந்த மழை எங்கே போகிறது என்று தேடினால் இன்னும் வேடிக்கை. கோமுகி ஆறு மணிமுத்தாற்றில் கலக்கிறது. மணிமுத்தாறு விருத்தாசலம் கோயிலைத் தொட்டுக்கொண்டு போய் வெள்ளாற்றில் சேர்கிறது. வெள்ளாறு பரங்கிப்பேட்டையில் கடலுக்குள் போகிறது. மலைப் பிள்ளையின் டப்பாவில் சொட்டிய மழைக்கும் வங்காள விரிகுடாவுக்கும் சம்பந்தம் ஏற்பட்டுவிட்டதா, இல்லையா?

ரசாயனமும் வீட்டிலேயே இருக்கிறது. கடுக்காயைத் தட்டித் தண்ணீரில் ஊறவைத்து, அதில் துருப்பிடித்த ஆணி ஒன்றைப் போட்டு வையுங்கள். தண்ணீர் கறுத்துப் போகும். நம் தாத்தாக்கள் கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து மை காய்ச்சியது இந்தச் சூத்திரத்தில்தான். உங்கள் சமையலறையிலும் இதைச் செய்து பார்க்கலாம், குழந்தைகள் விடமாட்டார்கள். பாயசத்துக்குப் போடுகிற ஜவ்வரிசிக்கும் இந்த மலைக்கும் உறவு உண்டு. மரவள்ளிக் கிழங்கை அரைத்துப் பால் எடுத்து, மாவாக்கி, உருட்டி, வறுத்துத்தான் சேலம் பக்கத்து ஆலைகளில் அது முத்து முத்தாக வருகிறது. கிழங்குக்குக் காட்டில் என்ன விலை, ஜவ்வரிசிக்குக் கடையில் என்ன விலை என்று ஒரு பிள்ளை கணக்குப் போட்டுவிட்டால், பிற்காலத்தில் அதை யார் ஏமாற்ற முடியும்?

இப்படி ஒரு வேலையை எடுத்துக்கொண்டு, அதைச் செய்து முடிப்பதற்குள் கணக்கு, விஞ்ஞானம், பாஷை எல்லாவற்றையும் கற்பதற்குச் செயல்திட்டக் கல்வி என்று பெயர். அமெரிக்கப் பேராசிரியர் கில்பாட்ரிக் 1918-ல் இதைப் பற்றி எழுதினார். 1937-ல் வார்தா மாநாட்டில் காந்திஜி கைத்தொழிலையே கல்வியின் நடுவில் வைத்து ஆதாரக் கல்வியை எடுத்துச் சொன்னார். நம் தமிழ்நாட்டில் 2012-ல் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை முப்பருவ முறை வந்தபோது, 100 மார்க்கில் 40 மார்க்கைச் செயல்பாடுகளுக்கும் சிறு தேர்வுகளுக்கும் ஒதுக்கினார்கள். 1993 முதல் நடந்துவரும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டில், பிள்ளைகள் தங்கள் ஊர் விஷயத்தையே ஆராய்ந்து கட்டுரை படிக்கிறார்கள்.

"அப்படியானால் மலைப் பிள்ளை மலை வேலையையே கற்றுக்கொண்டு மலையிலேயே கிடக்க வேண்டியதுதானா?" என்று ஒரு கேள்வி எழும். நியாயமான கேள்வி. 1953-ல் சென்னை ராஜ்யத்தில் பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் பெற்றோரின் தொழில் என்று ராஜாஜி ஒரு திட்டம் கொண்டுவந்தார். 'குலக்கல்வி' என்று நாடே கொதித்து எழுந்தது. 1954-ல் காமராஜர் முதல் மந்திரியானதும் அது கைவிடப்பட்டது. அன்று எழுந்த பயத்தை நாம் மறக்கக் கூடாது. பிள்ளையைப் பள்ளியிலிருந்து வீட்டுத் தொழிலுக்கு அனுப்பினால் கதவு சாத்தப்படுகிறது. வீட்டுத் தொழிலைப் பள்ளிக்குள் கொண்டுவந்து அதன் வழியாக விஞ்ஞானத்தைக் காட்டினால் கதவு திறக்கிறது. கள்ளக்குறிச்சியில் உளி பிடிப்பவரின் மகள் மரத்தின் ரேகையைப் பார்த்துத் தாவர நூல் படிக்கலாம். அவள் டாக்டரானாலும் சரி, சிற்பியானாலும் சரி, தேர்ந்தெடுப்பவள் அவளாக இருக்க வேண்டும்.

இது நடக்கிற காரியமா என்று சந்தேகப்படுகிறவர்கள், மலையின் மேற்குப் பக்கம் இறங்கித் தர்மபுரி மாவட்டத்துச் சிட்டிலிங்கிக்குப் போக வேண்டும். கல்வராயனுக்கும் சித்தேரி மலைக்கும் நடுவே கிடக்கும் அழகான பள்ளத்தாக்கு அது. அங்கே 1993-ல் ஒரு டாக்டர் தம்பதியர் கூரைக் கொட்டகையில் வைத்தியம் பார்க்க ஆரம்பித்து, உள்ளூர்ப் பெண்களையே நர்ஸ்களாகப் பழக்கினார்கள். 2004-ல் கட்டடக் கலை படித்த இன்னொரு தம்பதியர் அங்கே 'துளிர்' என்ற கல்வி மையத்தைத் தொடங்கினார்கள். பிள்ளைகள் தோட்டம் போட்டார்கள். மூங்கிலில் சாமான் செய்தார்கள். மண் சுவர் எழுப்பினார்கள். சின்னச் சின்ன மின் விளக்குகளைத் தங்கள் கையாலேயே பற்ற வைத்துச் செய்தார்கள். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர்கள்கூட அங்கே வந்து மின்சார வேலையும் குழாய் வேலையும் கற்றுக்கொண்டே, விட்ட கணக்கையும் பிடித்தார்கள். அந்த ஊர்ப் பெற்றோர்களுக்கு மண்ணும் மூங்கிலும் புதிதா என்ன? தங்களுக்குத் தெரிந்ததைப் பள்ளி மதிக்கும்போது, பெற்றோரும் பள்ளியை மதிக்கிறார்கள்.

சட்டமும் இதற்கு அனுகூலமாகத்தான் இருக்கிறது. 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்குப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும். குழுவில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். அதாவது, கதவோரத்தில் நின்ற தாய்க்குச் சட்டம் நாற்காலி போட்டிருக்கிறது. அதில் அவளை உட்கார வைப்பது பள்ளியின் பொறுப்பு.

பள்ளி திறக்கும் நாளன்று வாத்தியார் செய்ய வேண்டியது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. பிள்ளையைக் கொண்டுவந்து விட வருகிற ஒவ்வொரு தாயையும் தகப்பனையும் உள்ளே அழைத்து, பாயில் உட்கார வைத்து, "அம்மா, உங்களுக்குத் தெரிந்ததில் எங்கள் பிள்ளைகளுக்கு எதைச் சொல்லிக் கொடுப்பீர்கள்?" என்று கேட்டால் போதும். ஒருத்தி சாமை புடைக்கக் காட்டுவாள். ஒருவர் எந்த மரத்தில் தேன் கூடு கட்டும் என்று சொல்வார். ஒரு பாட்டி கஷாயத்துக்கு எந்த இலை என்று சொல்வாள். அந்த வருஷத்துக்குப் பாடமும் தயார். பெற்றோரும் பள்ளிக்குச் சொந்தம். தன் அம்மா பாடம் நடத்திய பள்ளிக்கூடத்தை எந்தப் பிள்ளையாவது லேசில் விட்டுப் போகுமா?

நகரத்துச் சகோதரிகளே, இது மலைக்கு மட்டும் ஏற்பட்ட யோசனை அல்ல. உங்கள் குழந்தையின் பள்ளியில் புராஜெக்ட் என்று சொல்லி அனுப்பினால், கடையில் படம் வாங்கி அட்டையில் ஒட்டிக் கொடுத்துவிடாதீர்கள். அடுக்களைக்குள் அழைத்துப் போய் மாவு ஏன் புளிக்கிறது என்று கேளுங்கள். நீங்களும் ஒரு வாத்தியாரம்மாதான் என்பது குழந்தைக்கு அன்றைக்குத் தெரிந்துவிடும். அடுத்த முறை பாயசத்தில் ஜவ்வரிசி மிதக்கும்போது, மரவள்ளி விளைகிற மலையில் ஒரு பிள்ளை பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கிறது என்பதையும் குழந்தைக்குச் சொல்லி வையுங்கள்.