கூறு கறி: புளியங்கட்டையிலிருந்து ஃப்ரீசர் வரை

தென்மாவட்டக் கிராமங்களில் தீபாவளி, பொங்கல் நாள்களில் நாலைந்து வீட்டார் பணம் சேர்த்து ஓர் ஆட்டை வாங்கி, அறுத்துச் சமமாகப் பிரித்துக்கொள்வது வழக்கம். ஒவ்வொரு பங்கும் ஒரு கூறு. கடையில் கறியாக வாங்குவதைவிட இது மலிவு. எடுத்துக்காட்டாக, உயிர் எடை கிலோ 400 ரூபாய் என்றால் 20 கிலோ கிடாயின் விலை 8,000 ரூபாய். அதில் ஏறத்தாழப் பாதிதான் எலும்புடன் கறியாகத் தேறும். பத்துக் கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். வெட்டுக்கூலி 500 ரூபாயைக் கூட்டி, தலை, கால், குடலை எடுத்துக்கொள்பவர் தரும் 1,000 ரூபாயைக் கழித்தால், கறி கிலோ 750 ரூபாய்க்கு வந்து நிற்கும். கடை வாடகையும் விற்காமல் மிஞ்சும் கறியின் நட்டமும் இந்தக் கணக்கில் ஏறுவதில்லை.

வேலை விடியுமுன் தொடங்கிவிடும். உரித்த ஆட்டைப் பின்னங்காலில் கட்டி மரக்கிளையில் தலைகீழாகத் தொங்கவிட்டு, வெட்டுபவர் வயிற்றைத் திறக்கிறார். ஈரலை ஒட்டியிருக்கும் பித்தப்பையைக் கீறாமல் எடுப்பதுதான் முதல் சோதனை. அது உடைந்தால் பட்ட இடமெல்லாம் கசக்கும். பிறகு சப்பை, தொடை, நெஞ்செலும்பு, கழுத்து எனப் பிரிக்கிறார். தேர்ந்த கை, மூட்டு எங்கே என்று விரலால் தடவிப் பார்த்துக் கத்தி நுனியைச் செலுத்தும். முழுத்தொடையும் ஓசையில்லாமல் கழன்று வரும். எலும்பைத் துண்டாக்க மட்டுமே அரிவாள் கட்டையில் விழுகிறது. கறிக்கட்டைக்குப் புளியமரத்தையே தேடி வாங்குவார்கள். கெட்டியான மரம், வெட்டு விழ விழச் சிராய் அவ்வளவாக உதிராது. கத்தியைக் கால்விரல்களுக்கிடையே நிறுத்திக் கறியை அதன்மேல் இழுத்து அறுப்பவர்களும் உண்டு. இரண்டு கையும் கறியைப் பிடித்துக்கொள்வதால் துண்டுகள் ஒரே அளவாக விழுகின்றன. பார்க்க எளிதாகத் தெரியும் இந்த வேலைக்குப் பல ஆண்டுப் பழக்கம் வேண்டும்.

வாழையிலையிலோ தார்ப்பாயிலோ கூறுகளை வரிசையாகப் போடுகிறார்கள். எல்லாக் கூற்றிலும் தொடைக்கறி, விலா, எலும்பு, ஈரல் சேர வேண்டும். ஒன்றில் மட்டும் எலும்பு கூடினால் அடுத்த ஆண்டு கூட்டே கலைந்துபோகும். சுவரொட்டி (மண்ணீரல்) மட்டும் அத்தனை பேருக்கும் பிரிக்கப் போதாது. அதில் இரும்புச்சத்து மிகுதி என்பதால், பிள்ளைத்தாய்ச்சி உள்ள வீட்டுக்கு விட்டுக்கொடுப்பதுண்டு.

ஃபிரிட்ஜ் இல்லாத காலத்தில் மிஞ்சிய கறியில் உப்பும் மஞ்சளும் தடவி, நூலில் கோத்து வெயிலில் காயவைத்து உப்புக்கண்டம் போட்டார்கள். இப்போது இரண்டு கிலோ கூறு அப்படியே ஒரே பையில் ஃப்ரீசருக்குள் போய்விடுகிறது. மிச்சம் பிடித்த பணம் வீணாவது இங்கேதான். அறுத்த சில மணி நேரத்தில் ஆட்டின் தசை விறைக்கும். அந்த விறைப்புத் தளருமுன் உறைய வைத்த கறி, வெந்தாலும் ரப்பர்போல இருக்கும். அதனால் முதல் இரவு கறி ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் இருப்பது நல்லது. மறுநாள், குழம்புக்கு, வறுவலுக்கு, சூப்புக்கு என்று ஒரு வேளைச் சமையலுக்கான அளவில் அரைக் கிலோ பைகளாகப் பிரித்து, காற்றை வெளியேற்றி, தட்டையாகப் பரப்பி அடுக்க வேண்டும். தடித்த கட்டி மெதுவாக உறையும். அப்போது பெரிதாக வளரும் பனிப்படிகங்கள் தசையைக் கிழித்துவிடுவதால், இளகும்போது சாறு வடிந்துபோகிறது. காற்றுப் பட்ட இடம் வறண்டு வெளிறும். எலும்புச் சில்லு பையைக் குத்தினாலும் இதுவே நேரும். மூட்டுப் பார்த்து வெட்டியவரின் திறமை வீட்டு ஃப்ரீசரிலும் பலன் தருவது இப்படித்தான்.

மைனஸ் 18 டிகிரி செல்சியஸில் கறித்துண்டு நாலைந்து மாதம் சுவை கெடாமல் இருக்கும். கொத்துக்கறிக்கும் ஈரலுக்கும் மூன்று மாதம் போதும். ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜின் மேலறை பெரும்பாலும் அவ்வளவு குளிர்வதில்லை என்பதால், அதில் வைத்ததைச் சில வாரங்களில் தீர்த்துவிட வேண்டும். மின்சாரம் நின்றால் கதவைத் திறக்காமலிருப்பதே பாதுகாப்பு. நிறைந்த ஃப்ரீசர் இரண்டு நாள்வரை தாங்கும், பாதி நிறைந்தது ஒரு நாள். உறைநிலை கிருமிகளைக் கொல்வதில்லை, வளரவிடாமல் நிறுத்திவைக்கிறது, அவ்வளவே. ஆகவே சமையலுக்கு முந்தின இரவே பையை ஒரு தட்டில் வைத்துக் கீழ்த்தட்டுக்கு இறக்கிவிட வேண்டும். அடுப்படி மேடையில் வைத்து இளக்கிய கறியில் மிஞ்சியதை மறுபடி ஃப்ரீசரில் வைக்கக் கூடாது.